எண் போடாமல் விட்ட சீட்டு லைப்ரரி

றொசானா, கெவின்,

போன கிழமை றொசானா கிளேட்டன் கம்பஸில் இருந்து போன் எடுத்தபோது ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, எங்கட புரொஜெக்ற்ல எங்கட சொந்த லைப்ரரிக்கும் வேர்ஷன் நம்பர் போடச் சொல்லினம். அது பக்கத்து ஃபோல்டர்ல கிடக்கு. இன்ரநெற்ல இருந்து எடுக்கிறதுக்குப் போடுறது சரி. இதுக்கும் ஏன்? சும்மா வேஸ்ற் ஒஃப் ரைம். நீங்கள் உதைத்தானே வேலையாச் செய்தனீங்கள், சொல்லுங்கோ."

"போடச் சொன்னால் போடு பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா பிறகு குசினிக்குள் வைத்து, "பிள்ளை ஆசையாக் கேட்டதுக்கு ஒழுங்கா ஒரு மறுமொழி சொல்ல ஏலாதோ உங்களுக்கு?" என்று பேசினா. ஏலாமல்தான் இருந்தது. அந்த மறுமொழியைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெவின், உனக்கு வயர் இழுக்கிற வேலை. அதனால் உனக்கு விளங்குகிற மாதிரி முதலில் சொல்கிறேன். ஒரு மென்பொருளை முழுக்க ஒருவரே எழுதுவதில்லை. யாரோ முன்பே எழுதி வைத்த துண்டுகளை எடுத்துப் பொருத்துவோம். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் லைப்ரரி. அதை எழுதியவர்கள் அதை அடிக்கடி திருத்துவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். அதுதான் பதிப்பு எண், வேர்ஷன். எங்கள் மென்பொருளுக்கு என்று ஒரு கோப்பு இருக்கும். இன்ன துண்டு, இன்ன எண் என்று அதில் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்தால் இன்றைக்குச் சேர்த்தாலும் அடுத்த வருசம் சேர்த்தாலும் அதே மென்பொருள்தான் வரும். நீ ஒரு வீட்டுக்கு "பிரேக்கர்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கடைக்காரன் கையில் அகப்படுகிற பிரேக்கரைத் தருவான். எத்தனை அம்பியர் என்று எழுதினால்தான் அதைத் தருவான். இவ்வளவுதான் விசயம்.

நான் இந்த நாட்டுக்கு வந்து பாண் பக்ரறியில் நின்றது, பின்னேரங்களில் ரேஃப் தொழிற்கல்லூரி வகுப்புக்குப் போனது, போனில் வாடிக்கையாளர்களிடம் ஏச்சு வாங்கியது எல்லாம் உங்களுக்குத் தெரியும். திருப்பிச் சொல்லவில்லை. கடைசியாகப் பரமட்டாவில் ஒரு சின்னக் கொம்பனியில் போய் இருந்தேன். வயோதிபர் இல்லங்களின் சமையலறைகளுக்கு மென்பொருள் செய்கிற கொம்பனி. எந்த ஆளுக்கு என்ன சாப்பாடு, யாருக்குச் சீனி கூடாது, யாருக்கு விழுங்கக் கஷ்டம் என்று எல்லாம் அதில் இருக்கும். நேரத்துக்கு நேரம் சாப்பாட்டுத் தட்டின் மூடியில் ஒட்டுகிற சீட்டை அது அச்சடித்துக் கொடுக்கும். சமைக்கிறவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தட்டில் சாப்பாடு போடுவார்.

என்னுடைய வேலை மென்பொருள் எழுதுவது அல்ல. மற்றவர்கள் எழுதியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஓடுகிற மென்பொருளாகக் கட்டி, வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது. ஒபிசில் அதை பில்ட் என்பார்கள். படித்த பொடியள் யாரும் விரும்பிச் செய்யாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் ராகவன். திருச்சிக்காரர், கெல்லிவில்லில் வீடு. என் வயதுதான் இருக்கும். முதல் நாள் நான் பழக்கத்தில் "சேர்" என்று கூப்பிட்டேன். "இங்க சாரும் வேணாம், மோரும் வேணாம் அன்டன். ராகவன்னு கூப்பிடுங்க. கோபம் வந்தா வேற பேர்லயும் கூப்பிடலாம், எனக்குக் கேக்காம" என்றார். என் பெயர் அன்ரன் என்று எத்தனை தரம் சொல்லியும் கடைசிவரை அவருக்கு நான் அன்டன்தான்.

அவருடைய முறை ஒன்று இருந்தது. வேறு இடங்களில் இருக்குமோ தெரியாது. புதுப் பதிப்பு வெளியே போகிற நாளில், பில்ட் தொடங்குவதற்கு முதல், அந்தக் கோப்பைக் கடுதாசியில் அச்சடித்துக்கொண்டு என் மேசைக்கு வருவார். கதிரை கொடுத்தாலும் இருக்க மாட்டார். ஒரு மன்டரின் தோடம்பழத்தை உரித்து, சுளைகளை ரிஷூவில் வரிசையாக வைப்பார். சாப்பிட மாட்டார். பிறகு ஒவ்வொரு லைப்ரரியின் பெயரையும் எண்ணையும் சத்தமாக வாசிப்பார். பெயர், பிறகு எண்ணின் முதல் பகுதி, நடுப்பகுதி, கடைசிப் பகுதி. நான் என் திரையில் பில்ட் மெஷின் உண்மையில் எதை எடுத்திருக்கிறது என்று பார்த்து, சரியென்றால் "ஓம்" சொல்ல வேண்டும். நான் ஓம் சொன்னால்தான் அடுத்ததுக்குப் போவார். சேர்ச் பூசையில் ஒருவர் மன்றாட்டு வாசிக்க மற்றவர்கள் மறுமொழி சொல்வது மாதிரி இருக்கும். பின்னுக்கு இருந்த வெள்ளைக்காரப் பொடியன்கூட சில நாளில் "ஓம்" என்று எங்களோடு சேர்ந்து சொல்லுவான்.

யாராவது சோம்பலில் "இந்த எண் அல்லது இதற்கு மேல்" என்று எழுதியிருந்தால் ராகவன் வாசிப்பை நிறுத்திவிடுவார்.

"இதுக்கு மேல எதுன்னாலும் பரவாயில்லன்னு எழுதியிருக்காங்க அன்டன். பரவாயில்லன்னு யார் சொன்னது?"

"நான் சொல்லேல்ல."

"நானும் சொல்லல. அப்போ அந்த லைப்ரரி எழுதுறவன் நாளைக்கு என்ன செய்வான்னு கடவுளுக்குத்தான் தெரியும். அவர் நம்ம டீம்ல இல்ல."

சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு, சரியான ஒற்றை எண்ணை எழுத வைத்த பிறகுதான் தொடருவார். கத்த மாட்டார். பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். அது கத்துவதை விடப் பயம். எல்லாம் முடிந்ததும் முதல் சுளையை எனக்குத் தந்துவிட்டுத் தான் ஒன்றை வாயில் போடுவார்.

இவ்வளவு கவனமான மனிதர் கடுதாசியின் அடியில் வந்ததும் ஒன்று செய்வார். அங்கே எங்கள் கொம்பனியே எழுதிய சில லைப்ரரிகள் இருக்கும். அவற்றுக்கு எண் இராது. பில்ட் மெஷினில் ஒரு பொது ஃபோல்டர் இருந்தது. லைப்ரரியை எழுதியவர்கள் புதியதை அதற்குள் கொண்டுவந்து வைப்பார்கள். கோப்பில் அந்த ஃபோல்டரின் வழியை, அதாவது அது இருக்கிற இடத்தை, மட்டும் எழுதியிருப்போம். அந்த நேரம் அதற்குள் எது இருக்கிறதோ, மெஷின் அதை எடுக்கும். ராகவன் அந்த இடம் வந்ததும், "மிச்சம் நம்மது" என்று சொல்லிக் கடுதாசியை மடிப்பார்.

எங்களில் யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. ஊர் பேர் தெரியாதவன் எழுதியதற்குத்தானே எண் கேட்க வேண்டும். இதை எழுதினவர்கள் எங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். சந்தேகம் என்றால் திரும்பிக் கேட்டால் போதும். றொசானா, நீ போனில் கேட்டது இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அனுப்பிய மென்பொருளின் பிரதியை நாங்கள் வைத்திருப்பதில்லை; அடுத்த பில்டோடு அது அழிந்துவிடும். அந்தக் கோப்பை மட்டும் பத்திரமாக வைப்போம். பழையது தேவைப்பட்டால் கோப்பைப் பார்த்து அச்சொட்டாக அதையே திரும்பக் கட்டலாம் என்பது ராகவனின் பெருமை. "சமைச்சத எதுக்கு ஃபிரிட்ஜ்ல வைக்கணும்? செய்முறை இருக்குல்ல" என்பார்.

சீட்டு அச்சடிக்கிற லைப்ரரியை எழுதியவள் லின். வியற்னாம் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களின் சாப்பாட்டைத் தரம் பிரிக்கிற முறை மாறியபோது, அதற்கேற்ப லைப்ரரியை மாற்றும் வேலை அவளுக்கு வந்தது. பழைய முறையில் எண் கூடக் கூடச் சாப்பாடு மென்மையாகும். புது முறையில் எண் கூடக் கூடச் சாப்பாடு கடினமாகும். தலைகீழ். லின் தன் பங்கைச் சரியாகச் செய்தாள். பிரதான மென்பொருளை மாற்றுகிற வேலை மற்றவர்களுடையது. அது இன்னும் முடியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வெளியே போக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். புது லைப்ரரியும் பழைய பிரதான மென்பொருளும் சேர்ந்தால், முழுக்க மசித்த சாப்பாடு சாப்பிட வேண்டிய ஆளின் சீட்டில் சின்னச் சின்னத் துண்டு என்று அச்சாகும்.

அந்த நாட்களில் வேறு ஒரு சின்னத் திருத்தத்துக்காக, ஒரு பொத்தானின் நிறத்துக்காக, அதைக் கேட்ட ஒரு இல்லத்துக்கு மட்டும் ஒரு வெளியீடு அனுப்பினோம். ராகவன் வாசித்தார். நான் ஓம் சொன்னேன். மிச்சம் நம்மது என்றார். தோடம்பழம் சாப்பிட்டோம்.

அடுத்த கிழமை ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கார் நிறுத்துகிற இடத்தில் தவமலர் என்னைத் தேடி வந்தா. உங்களுக்கு அவவை ஞாபகம் இருக்கும். மன்னாரில் இருந்து படகில் வந்தவ. பாடற்குழுவில் ஓரமாக நிற்பா. தற்காலிக வீசா, மகன் ஊரில் அம்மம்மாவோடு. ஒரு வயோதிபர் இல்லத்தின் சமையலறையில் தட்டு கொண்டு போகிற வேலை. அவ வேலை செய்வது எங்கள் மென்பொருளைப் பாவிக்கிற இல்லத்தில் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அன்ரன் அண்ணை, சாப்பாட்டுச் சீட்டு அடிக்கிறது உங்கட கொம்பனிதானே? திரையில பேர் கண்டனான். உங்கட வீட்டு அக்காவும் சொன்னவ."

"ஓம். ஏன் பிள்ளை?"

"ஒரு அப்பு செத்துப்போனார் அண்ணை."

அவர் இத்தாலிக்காரக் கிழவர். தவமலரைக் கண்டால் ஏதோ தன் பாசையில் கூப்பிட்டுச் சிரிப்பார். விழுங்க ஏலாமல் வந்ததால் மருத்துவர் அந்தக் கிழமைதான் அவரை முழுக்க மசித்த சாப்பாட்டுக்கு மாற்றியிருக்கிறார்; அந்த இல்லத்தில் அப்படிச் சாப்பாடு அவர் ஒருவருக்குத்தான். அன்று மத்தியானம் அவருடைய தட்டில் துண்டு துண்டாகக் கோழி இருந்திருக்கிறது. புரைக்கேறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், நெஞ்சில் சளி கட்டி, சில நாளில் முடிந்துவிட்டது.

"கொம்பியூட்டரில மசிச்ச சாப்பாடு எண்டுதானாம் பதிஞ்சு கிடக்கு. சமைக்கிறவர் தான் சீட்டைப் பாத்துத்தான் போட்டனான் எண்டுறார். அப்ப நான்தானாம் தட்டை மாத்திக் குடுத்திட்டன். அந்த அப்பு என்னட்ட எந்த நாளும் பாண் கேக்கிறவர், எல்லாருக்கும் தெரியும். பாவம் பாத்துக் குடுத்திட்டாய், சொல்லு எண்டு மனேஜர் கேக்கிறா." அவ அழவில்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரிக் கதைத்தா. "நான் சீட்டை வாசிச்சனான் அண்ணை. எனக்கு இங்கிலிஷ் கதைக்கத்தான் கஷ்டம், வாசிப்பன். அவற்ற பேர் இருந்தது. கீழ துண்டு எண்டு இருந்தது. மருத்துவர் திரும்ப மாத்திப்போட்டார் போல எண்டு நினைச்சனான். அந்தச் சீட்டு எங்க எண்டு கேட்டால், மூடியோட குப்பைக்குப் போட்டுது."

"நான் பாக்கிறன் பிள்ளை."

"எனக்கு வேலை போனாலும் பரவாயில்ல. வீசாவுக்கு விசாரிக்கேக்க ஆளைச் சாகடிச்சவள் எண்டு வரக்கூடாது. அவ்வளவுதான்."

திங்கட்கிழமை ராகவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவவை எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். இல்லத்தில் இருந்து அவருக்கு ஏற்கனவே கடிதம் வந்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "அவங்க மெஷின்ல நம்ம பழைய வெளியீடு இன்னும் இருக்கா?" என்பதுதான். இல்லை. முறைப்பாடு வந்த உடனேயே எங்கள் உதவிப் பிரிவு வழக்கம்போல பிரதான மென்பொருளின் மாற்றமும் முடிந்து வந்த ஆகப் புதியதை அதன் மேல் ஏற்றிவிட்டது. எந்தக் குறை சொன்னாலும் முதலில் அதைத்தான் செய்வார்கள்.

"சரி. கட்டிப் பாத்துடலாம்" என்றார். பிறகு யோசித்தார். "நியாயமாப் பாத்தா நீங்க இதத் தொடக் கூடாது, அன்டன். தெரிஞ்சவங்க விஷயம். ஆனா உங்களத் தவிரக் கட்டத் தெரிஞ்சவங்க இங்க இல்ல. லின் பக்கத்துல உக்காரட்டும். நான் பின்னால நிக்கறேன். நீங்க ஒவ்வொண்ணும் சொல்லிட்டுச் செய்யுங்க."

அப்படியே செய்தோம். மெஷினை முழுக்கத் துடைத்து வெறுமையாக்கினேன். அந்த வெளியீட்டின் கோப்பை எடுத்தேன். ராகவன் வாசித்தார். வெளியில் இருந்து வந்த லைப்ரரிகள் அத்தனையும் கடைசி இலக்கம் வரை சரியாக வந்து இருந்தன. ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடுதாசியின் அடிக்கு வந்ததும் ராகவன் நின்றார். மிச்சம் நம்மது என்று சொல்லவில்லை.

சீட்டு லைப்ரரிக்கு நேரே ஃபோல்டரின் வழி மட்டும் இருந்தது.

"லின், புதியதை எப்போது அந்த ஃபோல்டரில் வைத்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அந்த வெளியீடு போன அன்று காலையில்."

"பில்டுக்கு முன்பா, பின்பா?"

லின் தன் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். எழுதி முடித்த நாள் அவளிடம் பதிவாக இருந்தது. ஆனால் பொது ஃபோல்டருக்குள் கொண்டுவந்து வைத்த நேரம் எங்கும் பதிவாகவில்லை. அதற்குப் பிறகு அந்த ஃபோல்டர் எத்தனையோ தரம் மாறிவிட்டது. பில்ட் மெஷினின் பதிவில் லைப்ரரியின் பெயரும் வழியும் இருந்தன. எண் இல்லை. நாங்கள் எண் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியவில்லை. மழை பெய்தது. குடையை மேசைக்குக் கீழே விரித்து வைத்தேன். உங்கள் இரண்டு பேருடைய சத்தமும் கேட்டது. வாசித்துக்கொண்டிருந்தீர்களா, முடித்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்களா என்று தெரியவில்லை" என்றாள் லின்.

பழைய சீட்டு லைப்ரரியை வைத்து ஒரு தரம் கட்டினேன். புதியதை வைத்து ஒரு தரம் கட்டினேன். பில்ட் சரியாக முடிந்தால் பச்சை வரும். இரண்டு தரமும் பச்சை வந்தது. கிழவரின் விபரத்தைக் கொடுத்து இரண்டிலும் சீட்டு அச்சடித்தோம். ஒன்றில் முழுக்க மசித்தது என்று இருந்தது. மற்றதில் மென்மையான சிறு துண்டுகள் என்று இருந்தது. தவமலர் வாசித்ததாகச் சொன்னது அதுதான். ஆனால் அப்படி ஒரு சீட்டு வரக்கூடும் என்பதற்குத்தான் அது சாட்சி. அன்றைக்கு வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

ராகவன் இரண்டு சீட்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தார். அவர் உரித்து வைத்த தோடம்பழம் பின்னேரம் வரை அப்படியே கிடந்து காய்ந்தது. "செய்முறை இருக்குன்னு சொன்னேனே அன்டன்" என்றார். 

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோன மனிதர். அறிக்கையில் "மென்பொருளில் தவறு எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினால் போதும் என்றார். உண்மையில் காணப்படவில்லைத்தானே என்றார்.

"தவறு இருந்திருக்கலாம் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்" என்றார் ராகவன். "அந்த வசனத்தின் கீழ் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

"அப்படியென்றால் தவறு நடந்தது என்று எழுதப் போகிறீரா?"

"அதுவும் எனக்குத் தெரியாது."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தவமலர் சொன்னதைச் சொன்னேன். அவ சொன்ன சீட்டும் புது லைப்ரரி அச்சடிக்கிற சீட்டும் ஒன்று என்றேன். நாங்கள் கட்டிப் பார்க்கும் முதலே அவ அதைச் சொன்னா என்றேன். அதையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்றேன். "அது நீர் கார் பார்க்கில் கேட்ட கதை, அன்ரன். அவளுடைய நண்பர் நீர். இதை எழுதினால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்" என்றார். ராகவன் எனக்காகப் பேசினார். முதலாளி வழக்கறிஞரைப் போனில் எடுத்தார். வழக்கறிஞரும் அதையே சொன்னார்.

கடைசியில் அறிக்கையில் போன வசனம், சீட்டு லைப்ரரியின் எந்தப் பதிப்பு அந்த வெளியீட்டில் சென்றது என்பதை உறுதிப்படுத்த இயலாது என்பதுதான். இரண்டு சீட்டின் படத்தையும் இணைத்தோம். ராகவன் அந்த வசனத்துக்காகத் தன் வேலையைப் பணயம் வைத்துச் சண்டை பிடித்தார். அது உண்மையான வசனம். பிள்ளைகளே, அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

இல்லத்தில் அதை வாசித்தவர்கள், மென்பொருள் பிழை என்று யாரும் நிரூபிக்கவில்லை என்று விளங்கிக்கொண்டார்கள். பிறகு விசாரிக்க வந்தவர்களும் அதே வசனத்தைத்தான் வாசித்தார்கள். தவமலரைக் குற்றவாளி என்று ஒருவரும் எழுதவில்லை. குற்றம் இல்லை என்றும் எழுதவில்லை. வேலையில் இருந்து நிறுத்தவும் இல்லை. ஷிஃப்ட் கொடுப்பதை மட்டும் நிறுத்தினார்கள். வேறு இல்லங்களுக்கு விண்ணப்பித்தா. அங்கே இருந்து பழைய இடத்துக்குப் போன் போகும். பிறகு ஒரு மறுமொழியும் வராது.

ராகவன் அந்த மாதமே எங்கள் சொந்த லைப்ரரிகள் எல்லாவற்றுக்கும் எண் கொடுக்க வைத்தார். பொது ஃபோல்டரில் யாரும் தன் கையால் எதுவும் வைக்கக் கூடாது என்றார். இனி வரும் வெளியீடுகளில் எண் இல்லாவிட்டால் பில்ட் சிவப்பாக நிற்கும்படி செய்தோம்; பழைய கோப்புகளை அப்படியே விட்டோம். அடுத்த வெளியீட்டில் கடைசி வரை எண்ணோடு வாசித்தார். சீட்டு லைப்ரரி வந்தபோது எண்ணின் நடுப்பகுதியில் நிறுத்தினார். பெயரில் இருந்து திரும்ப வாசித்தார். ஓம் என்றேன். பின்னுக்கு இருந்த பொடியன் அன்று எங்களோடு சேரவில்லை. அதற்குப் பிறகு ராகவன் வேலை நாட்களில் தோடம்பழம் கொண்டுவந்து நான் காணவில்லை. நாங்கள் நண்பர்களாகத்தான் இருந்தோம். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றாகப் போவது நின்றுவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்தால் இருவருக்கும் ஒரே ஞாபகம் வரும். அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தவமலருக்கு முடிவை நான்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. ஒரு ஞாயிறு பூசைக்கு அவ வரவில்லை. அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டுத் தனியே அவவின் இடத்துக்குப் போனேன். நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற வீட்டின் பின்னறை. கதிரையில் கிடந்த உடுப்பை எடுத்துவிட்டு என்னை இருத்தினா. மரக்கறி பொதி செய்கிற இடத்தில் வேலை எடுத்திருக்கிறேன் என்றா. குளிர் அறை. விரல்கள் வெடித்திருந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். லைப்ரரி, எண், ஃபோல்டர், மழை பெய்த காலை, இரண்டு சீட்டு. கெவினுக்கு மேலே சொன்ன மாதிரித்தான் சொன்னேன். இடையில் மறிக்காமல் கேட்டா.

"அப்ப என்ர சீட்டு மாதிரி ஒண்டு வந்தது."

"நாங்கள் கட்டேக்க வந்தது பிள்ளை. அண்டைக்கு எது வந்தது எண்டு சொல்ல ஏலாமல் கிடக்கு."

"உங்களுக்குமோ?"

"எனக்கு உன்னைத் தெரியும். மெஷினுக்குத் தெரியேல்ல."

தேத்தண்ணி போட்டுத் தந்தா. நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தா. "ஏலாது எண்டால் என்ன செய்யிறது அண்ணை. நீங்கள் இவ்வளவு பாத்தது போதும்" என்றா. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளிக்கிடும்போது வாசலில் வைத்துக் கேட்டா. "நான் வாசிச்சனான் எண்டு சொன்னதை அங்க ஒருத்தரும் எழுதேல்லையோ? ஒரு இடத்திலயும்?"

"இல்லப் பிள்ளை."

"சரி அண்ணை. போயிட்டு வாங்கோ."

அவ பிறகு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டா. பண்ணை வேலை என்று யாரோ சொன்னார்கள். வீசா என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அம்மா போன் எடுத்துப் பார்த்தா, நம்பர் மாறிவிட்டது.

றொசானா, நீ வேஸ்ற் ஒஃப் ரைம் என்று சொன்னதற்கு என் மறுமொழி இவ்வளவும்தான். உங்கள் குழுவில் இருக்கிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். லின்னும் நல்லவள். ராகவனைப் போல ஒரு கவனமான மனிதரை நான் பிறகு காணவில்லை. எண்ணை எழுது.

இன்னும் ஒன்று. இதை அம்மாவுக்கும் சொல்லவில்லை.

அன்றைக்குத் தவமலரின் வீட்டில் இருந்து நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. பரமட்டாவுக்குப் போனேன். ஞாயிறு மத்தியானம், ஒபிசில் ஒருவரும் இல்லை. ஏசி போடாததால் புழுக்கமாக இருந்தது. என் மேசையில் இருந்து அந்த வெளியீட்டின் கோப்பைத் திறந்தேன். சீட்டு லைப்ரரிக்கு நேரே எண் போட வேண்டிய இடத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணை எப்படிப் போடுவது?

அந்தக் கோப்பில் ஒரு வரியின் தொடக்கத்தில் ஒரு குறியைப் போட்டால், மெஷின் அந்த வரியை வாசிக்காது. மனிதருக்காக எழுதுகிற வரி அது. சீட்டு லைப்ரரியின் வரிக்குக் கீழே ஒரு புது வரியில் அந்தக் குறியைப் போட்டேன். எங்கள் ஒபிசில் ராகவனைத் தவிர யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் தமிழில்தான் அடித்தேன்.

"இந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பு சென்றது என்று தெரியாது. தட்டைக் கொண்டு போன தவமலர் சீட்டை வாசித்தவர். சிறு துண்டு என்று இருந்தது என்று சொன்னார்."

பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் வாசித்துச் சேமித்தேன். பிறகு பழக்கத்தில் பில்டை ஓடவிட்டேன். மெஷின் அந்த வரியைத் தாண்டிப் போய் வேலையை முடித்தது. பச்சை வந்தது. திரையை அணைத்துவிட்டு ரெயில் நிலையப் பக்கம் விட்டிருந்த காருக்கு நடந்தேன்.

அப்பா